மசோதா வேறு, சட்டம் வேறு

2024 ஆகஸ்ட் மாதக் கடைசி. மாலை வகுப்பு. அன்று செய்தித்தாள் படிக்கும் நாள். பூ விற்கும் அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இமாச்சலப் பிரதேசத்தில் பெண்ணின் திருமண வயது 21. சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.”

படித்ததும் அவர் முகம் மாறியது. தாளைக் கீழே வைத்தார்.

“தம்பி, என் பெண்ணுக்கு 17 வயது நடக்கிறது. பன்னிரண்டாவது படிக்கிறாள். சட்டம் வந்தால் 21 வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன்னே முடித்துவிடு என்று என் நாத்தனார் சொல்கிறார். தை மாதம் நாள் பார்க்கட்டுமா?”

வகுப்பில் யாரும் பேசவில்லை. அன்றைய பாடம் இதுவே ஆயிற்று.

மசோதா என்றால் என்ன?

வீடு கட்டும் முன் வரைபடம் போடுகிறோம். வரைபடத்தில் குடியிருக்க முடியாது. மசோதாவும் அப்படித்தான். அது சட்டத்தின் வரைவு. அதைக் கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது.

மாநில மசோதா சட்டமாக ஆவதற்குப் படிகள் உண்டு.

1. சட்டமன்றத்தில் மசோதா வைக்கப்படும்.
2. உறுப்பினர்கள் பேசி, நிறைவேற்றுவார்கள்.
3. ஆளுநருக்குப் போகும். சில மசோதாக்கள் அங்கிருந்து குடியரசுத் தலைவருக்குப் போகும்.
4. ஒப்புதல் கிடைத்தால் அரசிதழில் வெளியாகும். நடப்புக்கு வரும் நாள் குறிக்கப்படும்.

2024 ஆகஸ்ட் 27 அன்று சிம்லாவில் நடந்தது இரண்டாம் படி மட்டுமே.

குடியரசுத் தலைவர் எதற்கு?

திருமணம், மணமுறிவு, தத்து, வாரிசுரிமை ஆகியவை அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. இவற்றில் மத்திய அரசும் சட்டம் செய்யலாம், மாநில அரசும் செய்யலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே செல்லும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால், அந்த மாநிலத்தில் மட்டும் மாநிலச் சட்டம் செல்லும்.

2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் மத்தியச் சட்டம். அதன்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இமாச்சல மசோதா பெண்ணுக்கும் 21 என்கிறது. இரண்டும் மோதுகின்றன. ஆகவே இதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது வரும் வரை இமாச்சலத்திலும் 18 தான்.

“அப்படியானால் அது நம் ஊருக்கு இல்லையா?” என்று கேட்டார் அக்கா.

“இல்லை அக்கா. ஒரு மாநிலத்தின் சட்டம் அந்த மாநிலத்துக்கு மட்டும்தான்.”

சட்டமானால் அங்கே என்ன மாறும்?

இமாச்சலத்தில் 19 வயதுப் பெண்ணின் திருமணம் இன்று சரி. மசோதா சட்டமானால் அது குழந்தைத் திருமணம் ஆகும். அப்போது நடத்தி வைப்பவர், ஏற்பாடு செய்யும் பெற்றோர் மீது வழக்கு வரலாம்.

வகுப்பில் இரண்டு விதமாகப் பேசினார்கள்.

“நல்லதுதான். பெண் கல்லூரி முடிப்பாள். சொந்தக் காலில் நிற்பாள்” என்றார் இட்லிக் கடைப் பாட்டி.

“18 வயதில் ஓட்டுப் போடலாம். விரும்பியவரை மணக்கக் கூடாதா? பிடிக்காத பெற்றோர் மாப்பிள்ளை மீது வழக்குப் போடுவார்களே” என்றார் கொத்தனார் அண்ணன்.

இரண்டும் யோசிக்க வேண்டியவை. மசோதா நிலையில்தான் மக்கள் இப்படிக் கேட்க வேண்டும். தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்ல வேண்டும்.

அவசரத்தால் வந்த கேடு

1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்தது. அது 1930 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்தது. இடையில் சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களில் பலர் அவசரமாகச் சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். காக்க வந்த சட்டத்துக்குப் பயந்து, குழந்தைகளைப் பலி கொடுத்தார்கள்.

எல்லா மசோதாவும் சட்டமாவதில்லை. நாடு முழுவதும் பெண்ணுக்கு 21 என்று 2021 டிசம்பரில் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2024-இல் மக்களவை கலைந்தது. அந்த மசோதாவும் காலாவதியானது. அதற்குப் பயந்து அவசரப்பட்டவர்கள் என்ன லாபம் கண்டார்கள்?

இன்றைய சட்டம்

“அக்கா, மசோதாவுக்குப் பயந்து தை மாதம் கல்யாணம் வைத்தால், இன்றைய சட்டத்தை மீறுவீர்கள். 18 முடியாத பெண்ணை மணக்கும் ஆணுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நடத்தி வைப்பவருக்கும் அப்படியே. பெற்றோரும் தப்ப முடியாது. பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு.”

“கல்யாணம் முடிந்துவிட்டால்?” என்றார் பாட்டி.

“பெண் நீதிமன்றம் போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம் பாட்டி. 18 முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். குழந்தைத் திருமணம் நடக்கப் போவது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு யாரும் சொல்லலாம்.”

அக்கா தாளை மீண்டும் எடுத்தார். ‘மசோதா’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்தார்.

“இந்த ஒரு சொல் தெரியாமல் என் பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்தேனே. நாத்தனாரிடம் இந்தத் தாளைக் கொண்டு போய் நானே படித்துக் காட்டுகிறேன்” என்றார்.

புதிய சொற்கள்

மசோதா – சட்டத்தின் வரைவு
ஒப்புதல் – சம்மதம்
அரசிதழ் – அரசு அறிவிப்புகள் வெளியாகும் இதழ்
காலாவதி – காலம் முடிந்து செல்லாமல் போவது

பேசுவோம்

1. மசோதாவுக்கும் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு?
2. பெண்ணின் திருமண வயது 21 ஆனால் உங்கள் குடும்பத்தில் என்ன மாறும்? நல்லது எது? சிரமம் எது?

எழுதுவோம்

உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் பெயரை எழுதுங்கள். இந்த மசோதா பற்றி அவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை எழுதுங்கள்.