உவர்த்த கிணறு

சென்னைக்கு வடக்கே, மீஞ்சூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் எம் முன்னோர் தோண்டிய கிணறு ஒன்று உண்டு. இளமையில் யான் அந்நீரைப் பருகியே வளர்ந்தேன். இன்று அதனை வாயிலிடவும் ஒண்ணாது, அத்துணை உவர்ப்பு!

பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நிலவியல் பயிலும் என் தம்பி மகள் சென்ற விடுமுறையில் அங்கு வந்தாள். “பெரியப்பா, கடல் நிலத்தின் அடியே நடந்து வந்திருக்கிறது” என்றாள். யான் நகைத்தேன். கடலுக்கு ‘உவரி’ என்னும் பெயர் உண்டென வகுப்பில் பன்முறை சொல்லியிருக்கிறேன். அப்பெயர் என் கிணற்றுக்கும் ஆகுமென எண்ணியதில்லை.

மாணவர்களே, அவள் கூறிய விளக்கத்தைக் கேளுங்கள். ஆரணியாறும் கொற்றலையாறும் கொணர்ந்து குவித்த மணற்படுகை அப்பகுதியின் அடியில் உள்ளது. அம்மணலின் இடுக்குகளில் மழைநீர் தங்குகின்றது. கடலோரத்தில் இந்நன்னீர், தன்னினும் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் எடை 1000 பங்கானால், அதே அளவுக் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 பங்காகும். இச்சிறு வேறுபாட்டால் விளைவது பெரிது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை அது கடல்நீரைத் தடுத்து நிற்கும். மேலே ஓரடி குறைந்தாலோ, காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி ஏறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்பன் என்னும் ஒல்லாந்தரும், 1901-இல் எர்சுபெர்க் என்னும் செருமானியரும் இதனைத் தனித்தனியே கண்டுரைத்தனர்.

மாநகர்க்கும் ஆலைகட்கும் கழனிகட்குமாக மிகுதியாக நீர் இறைத்தமையால், மீஞ்சூர்ப் பகுதியில் நன்னீர்மட்டம் கடல்மட்டத்தினும் தாழ்ந்தது. 1960களின் இறுதியிலேயே உவர்நீர் புகுந்தமை அறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீட்டர் உள்ளே பரவிற்று. நிலத்தடி நீரை முறைப்படுத்த 1987-இல் சட்டம் வந்தது. 2010-இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் தொடங்கிற்று. கடலை நிலத்தினுள் விலையின்றி வருவித்துவிட்டு, நிலத்தின்மேல் பொருள் கொடுத்து அதன் உப்பை நீக்குகின்றோம்!

பாறைகளின் பெயர்களை நெட்டுருச் செய்வதே நிலவியற் கல்வி என்று யான் கருதியிருந்தேன். அஃது அன்று. இயற்பியலும் வேதியியலும் கணிதமும் ஒருங்கே வேண்டும். வெயிலில் நடக்கவும் வேண்டும். அவள் நான்கு முளைகளை ஒரே நேர்கோட்டில் நட்டு, புறமுளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்முளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளந்தாள். உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலின், மின்தடை குறைந்த இடத்தில் உவர்நீர் இருத்தல் கூடும். ஆயினும் களிமண்ணும் அவ்வாறே காட்டுமாம். ஆகவே கருவி சொன்னதை உடனே நம்பிவிடாது, நீரையும் எடுத்து ஆராய்தல் வேண்டும்.

கிணற்றின் மேல்நீரை ஒரு புட்டியிலும் அடிநீரை மற்றொன்றிலும் நிரப்பி, நாளும் ஆழமும் குறித்துக்கொண்டு சென்றாள். கார்த்திகை மழை கழிந்தபின் மீண்டும் வருவாள். மேல்நீரின் உவர்ப்பு அப்போது குறைந்திருக்குமா என்று பார்க்க வேண்டுமாம். கயிறும் வாளியும் எடுத்து வைத்திருக்கிறேன்.