உடைந்த கொம்பும் தேநீர்க் கோப்பையும்



ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி நீர் வரைந்த சித்திரக்கதையின் முதல் அத்தியாயமும், அதை அச்சிடப் பணம் திரட்டக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் போடவிருக்கும் அறிவிப்பும் வந்து சேர்ந்தன. ஏழாம் பக்கத்தில் தாய் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மற்றக் கையின் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தபடி பஸ் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டையைத் துழாவுகிறாள். லோறன்ஸ் வீதியில் இதைப் பார்க்காதவர் யார்? வரைய வேண்டும் என்று தோன்றியது உமக்குத்தான். அந்த ஒரு கட்டத்துக்காகவே இந்தப் புத்தகம் அச்சேறலாம்.

அதே கட்டத்தில் அவள் பேசும் சொல்தான் எரிச்சல் மூட்டுகிறது. ‘போறன்’ என்று எழுதப் போயிருக்கிறீர். பகரம் முன்னால் நிற்கிறது. கொம்பு பின்னால், ஒரு புள்ளிவட்டத்தில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. தமிழ் எழுத்தைக் கோக்கும் வசதியை மென்பொருளில் முடுக்காமல் விட்டால் இப்படித்தான் வரும். அது பத்து நிமிட வேலை. குமிழ்கள் அப்படியல்ல. ஆங்கில வசனத்துக்கு அளவெடுத்த ஒடுங்கிய குமிழுக்குள் ‘வந்துகொண்டிருக்கிறன்’ நுழையுமா? மூன்று துண்டாக முறிந்து கிடக்கிறது. குமிழையும் எழுத்தையும் படத்தோடு சேர்த்துக் கையாலேயே எழுதும். நேரம் போகும்தான், போகட்டும். உம்முடைய கோட்டுக்கு ஒரு கைநடுக்கம் இருக்கிறது. கணினி எழுத்து அதன் பக்கத்தில் வாடகைக்கு வந்தவர் மாதிரி நிற்கிறது.

இதை எழுதுபவர் யாழ்ப்பாணத்தில் ‘சிரித்திரன்’ பார்த்து வளர்ந்தவர். சிவஞானசுந்தரம் என்ற சுந்தர் 1960களில் தொடங்கிய இதழ் அது. அதன் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர் பேசினால் ஊர்ப்பேச்சு அப்படியே காதில் விழும். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி, இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆனால் இந்திய இதழ்களின் இறக்குமதிக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. மாயாவி கையில் கிடைத்தால் திருவிழா. அந்த அடைப்புக்குள்தான் உள்ளூர் இதழ்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

ரொறன்ரோவிலும் இதே கதை முன்னரே நடந்திருக்கிறது. போர்க்காலத்தில் டொலரை மிச்சம் பிடிக்க, 1940 டிசம்பரில் கனடா அமெரிக்கக் காமிக்ஸை உள்ளே விடாமல் நிறுத்தியது. அடுத்த வருடமே ஏட்ரியன் டிங்கிள் என்ற ஓவியர் வடதுருவ நாயகி நெல்வானாவை வரைந்தார். அவள் வொண்டர் வுமனுக்குச் சில மாதங்கள் மூத்தவள். டான்ஃபோர்த் டெக்னிக்கல் பள்ளியில் படித்த லியோ பாக்கல் ஜானி கனக் என்ற நாயகனை உருவாக்கினார். உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் இந்தக் கனேடிய இதழ்களுக்கு ‘கனேடியன் வைட்ஸ்’ என்று பெயர். போர் முடிந்து அமெரிக்க இதழ்கள் திரும்பியதும் எல்லாம் படுத்துவிட்டன.

நெல்வானாவைத் திரும்ப எழுப்பியவர்கள் வாசகர்கள். 2013 செப்டெம்பரில் கிக்ஸ்டார்ட்டர் கனடாவுக்கு வந்தது. அந்த இலையுதிர்காலத்திலேயே ஹோப் நிக்கல்சனும் ரேச்சல் ரிச்சியும் பழைய கதைகளைத் தொகுத்து அச்சிடப் பணம் கேட்டார்கள். 50,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. கடலுக்கு அப்பால் சிவகாசியில் ‘மின்னும் மரணம்’ என்ற சித்திரக்கதைப் பெருந்தொகுப்பு 2015இல் வந்ததும் வாசகர் முன்பதிவை நம்பித்தான். உ.வே.சாமிநாதையரே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட ஆட்களிடம் கையொப்பம் வாங்கியவர். முன்கூட்டியே காசு தந்தவர்கள் காத்திருந்தது புத்தகத்துக்காக.

நீரோ அறிவிப்பில் தேநீர்க் கோப்பை, ரீ-ஷேர்ட், ஸ்டிக்கர், சாவிக்கொத்து என்று கடை விரித்திருக்கிறீர்! கேட்ட தொகை முழுதாகச் சேராவிட்டால் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு சதமும் கைக்கு வராது. சேர்ந்தாலும் தளத்துக்கு 5 வீதம், அட்டைக் கட்டணத்துக்குச் சுமார் 3 வீதம் போகும். 8,000 சேர்ந்தால் 640 டொலர் அளவில் அங்கேயே கழிந்துவிடும். மிச்சத்தில் கோப்பையைப் பஞ்சில் சுற்றி லண்டனுக்கும் சிட்னிக்கும் அனுப்பிப் பாரும், தபாற்கந்தோர் மீதியையும் விழுங்கிவிடும். அமெரிக்காவில் ஒரு சித்திரக்கதைக்காரர் 2012இல் 51,000 டொலருக்கு மேல் திரட்டினார். அனுப்பும் செலவில் மூச்சு முட்டி, 2014இல் 127 பிரதிகளைக் கொளுத்தி, அதை வீடியோவாகவும் போட்டார்.

கோப்பையை வெட்டும். அச்சுப் புத்தகம், மின்புத்தகம், இரண்டே போதும். ஆறு அத்தியாயம் என்கிறீர், கையில் ஒன்றுதான் இருக்கிறது. நான்காவது அத்தியாயமாவது முடிந்த பிறகு பணம் கேளும். ஸ்காபரோக்காரருக்குத் தபால் வேண்டாம். ஓகஸ்ட் கடைசியில் மார்க்கம் ரோட்டில் தமிழ்த் தெருவிழா நடக்கும்போது ஒரு மேசை போட்டு, பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கையில் கொடும். அதற்கு முன் ஏழாம் பக்கத்தைத் திருத்தி அனுப்பும். கொம்பு சரியான இடத்தில் இருந்தால், முதல் பிரதிக்கான காசு இங்கே தயாராக இருக்கிறது.