அடியில் ஒலிக்கும் நாலு தந்தி



சினிமாப் பாட்டு என்றதும் யார் பாடினாங்க, யார் மியூசிக் என்றுதான் கேட்கிறோம். அந்தப் பாட்டுக்கு அடியில் ‘தும் தும்’ என்று நடந்துகொண்டே வருகிற ஒரு சத்தத்தை யாரும் கேட்பதில்லை. அதுதான் பேஸ் கிட்டார். என் மாமா (அம்மாவின் தம்பி) புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். அவரிடம் கேட்டதையும், நான் படித்ததையும், நம்ம இயற்பியல் பாடத்தையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

சாதாரண கிட்டாரில் 6 தந்தி. பேஸில் பெரும்பாலும் 4 தந்திதான்: ஈ, ஏ, டி, ஜி. அடித் தந்தியான ஈ, நொடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது (41 ஹெர்ட்ஸ்). இவ்வளவு மெதுவாக அதிர வேண்டுமானால் தந்தி நீளமாக இருக்கணும், கனமாகவும் இருக்கணும். அதனால் அதிரும் பகுதி வழக்கமாக 34 அங்குலம். எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிக் கனத்தைக் கூட்டியிருப்பார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புகிறார்கள் இல்லையா? அதுவும் இதே கணக்குதான். கனம் கூடினால் அதிர்வு குறையும், சத்தம் கீழே இறங்கும்.

தந்திக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதற்கு ‘பிக்கப்’ என்று பெயர். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலேதான்! இதை வைத்து அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-ல் ‘பிரிசிஷன் பேஸ்’ கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன்னால் ஆள் உயர டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது.

பதிவு செய்வது எப்படி?

மாமா இரண்டு வழி சொன்னார்.

1. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்வது. அறையின் காற்றும் சேர்ந்து வரும். ஆனால் பக்கத்தில் வாசிக்கிற டிரம்ஸ் சத்தமும் அந்த மைக்கில் நுழையும்.

2. கிட்டார் வயரை ‘டி.ஐ. பாக்ஸ்’ என்ற சின்னப் பெட்டியில் செருகி, நேரே மிக்ஸருக்கு அனுப்புவது. பிக்கப்பின் மின்மறுப்பு அதிகம். நீளமான வயரில் அப்படியே அனுப்பினால் சத்தத்தின் தெளிவு போய்விடும், ‘ம்ம்ம்’ என்று இரைச்சலும் சேரும். இந்தப் பெட்டி இரண்டையும் தடுக்கிறது.

“ரெண்டையும் எடுத்து வெச்சிக்கிட்டு அப்புறமா கலந்துக்குறதும் உண்டுடா” என்றார்.

விரலால் மீட்டினால் உருண்டையான சத்தம். பிளாஸ்டிக் பிக்கால் அடித்தால் ‘டக்’கென்று வெட்டி நிற்கும். தந்திக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் இழுவை குறையும். அமெரிக்க டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே மீட்டுவாராம். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்று பட்டப்பெயர்! லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கே என்ற பெண்மணி பிக்கால் வாசித்துப் பேர் வாங்கினார்.

நம்ம சென்னையில்...

‘அன்னக்கிளி’ (1976) படத்தில் அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாளில் ஸ்வரக் குறிப்பாக எழுதிக் கொடுப்பவர். பேஸுக்கும் தனியாக எழுதுவார். அப்போதெல்லாம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கணும். ஒருத்தர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து! ‘என் இனிய பொன் நிலாவே’ (மூடுபனி, 1980), ‘இளைய நிலா’ (பயணங்கள் முடிவதில்லை, 1982) இரண்டிலும் பாடகரை விட்டுவிட்டு அடிச்சத்தத்தை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். அது தனியாக இன்னொரு பாட்டு பாடிக்கொண்டிருக்கும். அவருடைய குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களில் வாசித்தவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ். மும்பையின் மோகினி டே, ரகுமானோடு மேடையேறிய பேஸ் கலைஞர். பெண்கள் வாசிக்க மாட்டாங்க என்று சொல்பவர்கள் அவர் வாசிப்பதை ஒரு தடவை கேட்கட்டும்.

செய்து பாருங்கள்!

சோதனை 1: நம்ம பள்ளி கீபோர்டில் சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சந்தோஷமாக இருக்கும். விரலை எடுக்காமல் இடது கையால் கீழே ஏ ஸ்வரத்தை அழுத்துங்கள். அதே மூன்று ஸ்வரம்தான், ஆனால் இப்போது லேசான சோகம் வந்துவிடும். மேலே எதுவுமே மாறவில்லை, மாறியது அடி மட்டும். பேஸின் பலம் இதுதான்.

சோதனை 2: ஒரே பாட்டைச் செல்போன் ஸ்பீக்கரிலும், பிறகு ஹெட்போனிலும் கேளுங்கள். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 8 மீட்டருக்கு மேல். விரல்நுனி அளவு ஸ்பீக்கரால் அதைக் கிளப்ப முடியாது. ஆனாலும் பேஸ் கொஞ்சம் கேட்கிற மாதிரி இருக்கே, எப்படி? தந்தி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்து அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகள் ஸ்பீக்கரில் வருகின்றன. அவற்றின் இடைவெளியை வைத்து நம்ம மூளையே காணாமல் போன 41-ஐ ஊகித்துக்கொள்கிறது! அதாவது, கேட்காத சத்தத்தைக் கேட்கிறோம்.

நான் சொல்ல வந்தது

கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பணம் குறைவு என்றால் குழுவிலிருந்து முதலில் நிறுத்தப்படுவது பேஸ் வாசிப்பவர்தான். “கீபோர்டுக்காரர் இடது கையால பார்த்துக்குவாரு” என்று சொல்லிவிடுவார்களாம். போன வருஷம் மாமா ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு எட்டுப் பாட்டு வாசித்தார். பாடியவர், எழுதியவர், வெளியிட்டவர் எல்லார் பெயரும் வந்தது. அவர் பெயர் வரவில்லை. கேட்டதற்கு, “விடுடா, காசு வந்துடுச்சில்ல” என்று சிரித்தார். ஆனால் அந்தத் தொகுப்பை அவர் இன்னும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. மோட்டவுன் பாட்டுகள் உலகமெல்லாம் ஓடியபோதும் வாசித்தவர்கள் பெயர் வெளியே தெரியாது. 1971-ல் மார்வின் கே வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டின் உறையில்தான் ஜேமர்சனுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பெயர் அச்சானது. அதற்குள் பத்து வருஷம் போய்விட்டது.

நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூன் 21 இசைத் திருநாளில் நம்ம ஊர்த் தெருக்களில் யாராவது வாசித்தால், பின்னால் ஓரமாக நிற்கிற பேஸ்காரரையும் பார்த்துக் கை தட்டுங்கள். இன்னொன்று, ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: இந்த ஆண்டு விழா நிகழ்ச்சித் தாளில் பாடுகிறவர்கள் பெயருக்குக் கீழே வாசிக்கிறவர்கள் பெயரையும் போடுங்கள். டோலக், கீபோர்டு, ஜால்ரா, யாராக இருந்தாலும் சரி. ஒரு வரி கூடினால் போதும். அந்தத் தாளை என் கையாலேயே எழுதித் தர நான் தயார்.



— 11-ஆம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு