கல்முனைக் குழந்தை யாருடையது?

கேள்வி: சுனாமியில் தப்பிய கல்முனைக் குழந்தையின் பெற்றோரை டி.என்.ஏ. பரிசோதனை எப்படிக் காட்டியது?
– வாசகர், இறக்கக்கண்டி

பதில்: டி.என்.ஏ.யில் சில இடங்களில் சிறு துண்டொன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்காள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்கு ஓர் எண்ணிக்கை தாய்வழி, மற்றது தந்தைவழி. அந்த இடங்களை மட்டும் பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கில் நகலெடுத்து, மின்புலத்தில் ஓடவிடுவார்கள். குட்டைத் துண்டு முந்தும், நீளம் பிடிபடும். ஓரிடம் பொருந்தினால் போதாது (அது அந்நியருக்கும் பொருந்தலாம்), பல இடங்களும் ஒத்துவர வேண்டும்.

2004 டிசெம்பரில் வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்டது கல்முனைக் குழந்தை. நீதிமன்ற உத்தரவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2005 பெப்ரவரியில் வந்தது: உரிமை கோரி வழக்காடிய தம்பதியே பெற்றோர். ஒன்பது தம்பதிகள் உரிமை கோரியதாகப் பரவிய கதையை நம்பாதீர்கள். நீதிமன்றப் படியேறியது இந்த ஒரு தம்பதி மட்டுமே.