ஜனவரிக் குளிரில் எந்தக் கச்சேரிக்குப் போவது?

லண்டனில் ஜனவரி பிறந்தால் போதும், "அக்கா, நல்ல ஷோ ஏதாவது சொல்லுங்க" என்று செய்தி வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் செப்டம்பரில் வந்து இறங்கிய மாஸ்டர்ஸ் மாணவர்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், கடைசியில் வகுப்பில் எல்லாரும் ஸ்டோரி போட்ட இடத்துக்கே போவார்கள். இன்னொரு கூட்டம், ஹாரோவில் இருக்கும் சித்தப்பாவின் காரில் ஏறிச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்குப் போய், வீடியோ காலில் ஊருக்கு மேடையைக் காட்டிவிட்டுத் திரும்பும். வீட்டில் அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பப் பக்கம் போகக் கூடாது. இந்த ஊரில் உருப்படியான இண்டி இசை பெரும்பாலும் பப்பின் பின்னறையில்தான் பிறக்கிறது என்பதை அந்த அம்மாக்களிடம் யார் சொல்வது?

ஜனவரிக் கடைசியில் போகச் சொல்லுவேன், அதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்துமஸ் ஆரவாரம் ஓய்ந்திருக்கும். பெரிய பேண்டுகள் அவ்வளவாகக் கிளம்பியிருக்காது. 2014 முதல், 'இண்டிபெண்டன்ட் வென்யூ வீக்' என்ற பெயரில் நாடு முழுக்கச் சிறு அரங்குகள் அந்த நேரத்தில் ஒரு வாரம் கொண்டாடுகின்றன. ஏழு இரவும் எங்கேயாவது ஒரு புது பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கும். மாணவர் பர்ஸுக்கு அதில் இரண்டு மூன்று இரவு கட்டுப்படியாகும்.

நடுத்தர அரங்குகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ரயில் எஞ்சின்களுக்காக 1847-ல் கட்டிய வட்டக் கொட்டகையான கேம்டன் ரவுண்ட்ஹவுஸ், பிரிக்ஸ்டன் அகாடமி, ஹாமர்ஸ்மித் அப்போலோ. பிடித்த பேண்ட் வந்தால் போங்கள். பிரிக்ஸ்டனில் தரை மேடையை நோக்கிச் சரிந்திருக்கும்; என்னைப் போலக் குள்ளமானவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஹாமர்ஸ்மித்துக்கு எந்த வீட்டிலும் தடை வராது. 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய இடமாயிற்றே. 1973-ல் டேவிட் போவி தன் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் வேஷத்தைக் கலைத்ததும் அதே மேடையில்தான்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பது அரீனாவையும் ஸ்டேடியத்தையும்தான். ஓ2 அரீனாவில் 20,000 பேர். வெம்பிளி ஸ்டேடியத்தில் 90,000 பேர். 2024 ஆகஸ்டில் ஓயாசிஸ் பேண்டின் டிக்கெட் விற்ற கதையை நினைத்துப் பாருங்கள். 148 பவுண்டு என்று நம்பி ஆன்லைன் வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு, முறை வந்தபோது அதே நிற்கிற இடத்துக்கு 355 பவுண்டு காட்டியது. மலிவு டிக்கெட் தீர்ந்ததும் மீதியை விலையேற்றி விற்றார்களாம். அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. ஆக, ஒரு டிக்கெட்டுக்கு 31 மணி நேர உழைப்பு. மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஒன்றரை வாரம் தட்டுக் கழுவிய பணம் ஒரே சாயங்காலத்தில் போய்விடும்.

சரி, போனதற்கு என்ன கிடைத்தது? மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால், பாடகர் உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதனால் எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள். ஒலி அந்த நூறு மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 வினாடி பிடிக்கும். மேடையில் டிரம்மரின் குச்சி இறங்கி மறுபடி மேலே போகும்போதுதான் அடி காதில் விழுகிறது. இதைக் கவனித்துவிட்டால் பிறகு வேறெதிலும் மனம் நிற்காது. விளக்கொளியும் திரைக் காட்சியும் பாட்டோடு பிசகாமல் சேர வேண்டும் என்பதால், பல பெரிய ஷோக்களில் பாட்டு ஒரு நொடி நீளாது, குறையாது. தப்பு நடக்கவே வாய்ப்பில்லாத கச்சேரியில் எனக்கு என்ன வேலை? எல்லாம் முடிந்து வெளியே வந்தால் ஸ்டேஷன் வாசலில் அடைத்து நிற்கும் கூட்டம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் பாடுவது சிலிர்ப்புதான், மறுக்கவில்லை. அந்தச் சிலிர்ப்புக்கு 355 பவுண்டு கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். பிரிக்ஸ்டனில் விண்ட்மில் என்ற பப், 150 பேர் கொள்ளும். முன்பு கூரைமேல் நின்று குரைத்த நாய்க்குப் பேர் போன இடம். பிளாக் மிடி, ஸ்க்விட், பிளாக் கண்ட்ரி நியூ ரோடு எல்லாம் அங்கே வாசித்து வளர்ந்தவர்கள்தான். முன்வரிசையில் நின்றால், தரையில் டேப் போட்டு ஒட்டிய பாட்டு வரிசையை நீங்களே படிக்கலாம். பேஸ் கிட்டார் முழங்கும்போது யாரும் தொடாமலே ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பி கிறுகிறுவென்று அதிரும். எந்த அரீனாவிலும் அது கேட்காது. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் தரைக்குக் கீழே இருக்கும் 100 கிளப்பில் 1942 முதல் இசை நடக்கிறது. 1976-ல் செக்ஸ் பிஸ்டல்ஸும் கிளாஷும் வாசித்த பங்க் விழாவும் அங்கேதான். வீட்டுக்குப் பொய் சொல்ல மனம் வராதவர்களுக்கு இஸ்லிங்டன் யூனியன் சேப்பல். இன்றும் ஆராதனை நடக்கும் தேவாலயம் அது; மரப் பெஞ்சில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்கலாம். டால்ஸ்டனில் உள்ள கஃபே ஓட்டோவுக்கு முதல் வாரத்திலேயே போக வேண்டாம். ஒருவர் சாக்ஸபோனில் வெறும் மூச்சை மட்டும் நெடுநேரம் ஊதுவார். பயந்துபோய் இசையே வேண்டாம் என்று வந்துவிடுவீர்கள்.

தெரிந்த பாட்டு இல்லையே என்பார்கள். இல்லைதான். முதல் மூன்று பாட்டு வெறும் இரைச்சலாக இருக்கும். நான்காவதில் காது பழகும். அதற்குள் போனை எடுப்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை. சிறுவயதில் மிருதங்கமோ பறையோ கற்றவர்கள் தாளத்தில் விளையாடும் பேண்டைத் தேடுங்கள். கவிதை படிப்பவர்களுக்கு யூனியன் சேப்பலில் ஒற்றைக் கிட்டாரோடு பாடுபவர்கள் போதும். உங்கள் காது எதற்கு ஏங்குகிறது என்று ரூம்மேட்டுக்குத் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு குளிர்காலமே ஆகலாம், ஆகட்டும். ஆனால் அந்த அறைகள் காத்திருக்காது: 2023-ல் மட்டும் பிரிட்டனில் இப்படிப்பட்ட 125 சிறு அரங்குகளில் இசை நின்றுபோனது.

கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். முதலில் வாசிக்கும் சப்போர்ட் பேண்டைத் தவறவிடுவது பாதிக் காசை வீசுவது. டைஸ் ஆப்பில் டிக்கெட் தீர்ந்திருந்தாலும் வெயிட்டிங் லிஸ்டில் பெயர் போட்டு வையுங்கள், அன்றைக்குச் சாயங்காலம்கூடக் கிடைக்கும். குடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. லைம் சோடா கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். நம் முகங்களுக்கு வயது கணிக்க அவர்களுக்குத் தெரியாது, பாஸ்போர்ட் இருக்கட்டும். தனியாகப் போகும் பெண்களுக்கு ஒன்று: யாராவது தொந்தரவு செய்தால் பாரில் போய் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேளுங்கள், பல பப்களில் ஊழியர்களுக்கு விஷயம் புரியும், உதவிக்கு வருவார்கள். காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்ஸ்டனுக்குப் போகும் விக்டோரியா லைனில் விடிய விடிய ரயில் ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் கடைசிப் பாட்டு முடியும்போதே கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.