ஓலைக் கொழுக்கட்டை

பனையோலை ஏடாகவும் விசிறியாகவும் பயன்பட்டமையை யாவரும் அறிவர். அதுவே அடுகலனாகவும் ஆதலைப் பலர் அறியார். திருக்கார்த்திகை நாளில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் இல்லங்களில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பது வழக்கம்.

இதற்கு ஏற்றது இளம்பனையாகிய வடலியின் குருத்தோலை. முற்றிய ஓலை மடிக்குங்கால் விண்டுபோம், மணமும் குறைவு. ஓலையை நறுக்குவோர் நடுக்குருத்தின் அடியை ஊறுபடுத்தலாகாது. பனைக்கு வளர்முனை ஒன்றே. அது சிதைந்தால் மரமே பட்டுப்போம். ஒருநாட் பலகாரத்திற்காக ஒரு பனையை இழப்பது பேதைமையன்றோ?

பச்சரிசி மாவை இளவறுப்பாக வறுத்து, பொடித்த கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைதல் வேண்டும். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தல் நன்று. கருப்பட்டி இளகித் தானும் நீர்விடும். பிடித்தால் பிடியில் நிற்பதே பதம். ஓலையின் நடுமடிப்பு இயற்கையாகவே சிறு தொட்டி போன்றது. சாண் அளவு நறுக்கிய துண்டில் மாவை அடைத்து, மற்றொரு துண்டால் மூடி, ஓலை நாரால் கட்டி, ஏறத்தாழ அரைமணி நேரம் ஆவியில் அவிப்பர். ஓலையின் மணம் மாவினுட் புகும். வாழையிலையில் அவித்ததும் சுவையுடையதே. ஆயினும் இம்மணம் அதற்கு வாராது.

நண்பர்க்கு வழங்கக் கலம் தேடவேண்டுவதில்லை, கட்டவிழாமலே கொடுக்கலாம். பெற்றவர் இல்லத்தும் அன்று அதுவே அவிந்திருக்கும். எனினும் வாங்க மறுப்பாரில்லை. கட்டை அவிழ்த்தால், ஓலை நரம்பின் கோடுகள் கொழுக்கட்டைமேல் வரிவரியாகப் பதிந்திருக்கும்.