கம்யூனிட்டி காலேஜா, நேரா யூசியா? ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்க



இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் விட்டுப்போன விஷயத்தை இங்கே முழுசா எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் முடிக்கிற நம்ம பசங்க வீட்டில் ஏப்ரல் மாதம் வந்தால் இந்தப் பேச்சுதான். யூசியில் இடம் கிடைத்திருக்கும், ஆனால் கேட்ட எஞ்சினியரிங் மேஜர் கிடைத்திருக்காது. அல்லது மேஜர் கிடைத்திருக்கும், செலவு கட்டுப்படியாகாது. "கம்யூனிட்டி காலேஜ் போயிட்டு டிரான்ஸ்ஃபர் ஆகிக்கிறேனே"ன்னு நீங்க சொன்னதும் அம்மா முகம் மாறிவிடும். மே 1-க்குள் பதில் சொல்லியாகணும்.

எங்க வீட்டிலும் இதே கதைதான். நான் டிரான்ஸ்ஃபர் வழியில் போனவன். சொந்தக்காரங்க போனில் கேட்டால், "காலேஜ்ல படிக்கிறான்"னு மட்டும் சொல்லிட்டு அம்மா பேச்சை மாற்றிவிடுவாங்க. அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. இரண்டு வருடத்தில் முடிய வேண்டியது மூன்று வருடம் ஆனது. காரணம் மார்க் இல்லை. பாடங்களை எடுத்த வரிசை.

இன்றைய பாடமே அதுதான். பெருமை, பணம் இரண்டையும் பற்றி வீட்டில் நிறையப் பேசுகிறோம். வரிசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் பணம்

மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760 டாலர். முதல்முறை முழுநேரமாகச் சேருபவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு ஆண்டு அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூசியில் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். விடுதியும் சாப்பாடும் பல கேம்பஸ்களில் அதைவிட அதிகம்.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், யூசியின் 'ப்ளூ அண்ட் கோல்ட்' திட்டத்தில் கட்டணம் முழுவதும் ஈடாகிவிடலாம். அதனால் வெளியே போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீங்க. உங்களுக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்தில், கழித்தது போக என்ன மிஞ்சுகிறது என்று பாருங்க.

இப்போ வரிசை

எஞ்சினியரிங் பாடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று நிற்பவை. கால்குலஸ் 1 முடித்தால்தான் கால்குலஸ் 2. மெக்கானிக்ஸ் பிசிக்ஸுக்கும் கால்குலஸ் வேண்டும். மெக்கானிக்ஸ் முடித்தால்தான் மின்சாரமும் காந்தவியலும். அதற்குப் பிறகுதான் சர்க்யூட்ஸ். இவற்றோடு லீனியர் ஆல்ஜிப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ், கெமிஸ்ட்ரி, புரோகிராமிங். நான்கே செமஸ்டரில் இத்தனையும் அடங்கணும்.

நான் செய்த தப்பு இதுதான். முதல் வருடம் "ஜி.இ. பாடங்களை முதலில் முடிச்சிடலாம், ஈஸியா இருக்கும்"னு நினைத்து மெக்கானிக்ஸைத் தள்ளிப்போட்டேன். அடுத்த பிசிக்ஸ் பாடத்தை எங்க காலேஜில் ஃபால் செமஸ்டரில் மட்டும்தான் நடத்துவாங்க என்று எனக்குத் தெரியாது. எஞ்சினியரிங் டிரான்ஸ்ஃபரும் பெரும்பாலும் ஃபாலில்தான். ஒரு பாடம் தவறியது, ஒரு வருடம் போனது.

கால்குலஸுக்கு முந்தைய கணக்கிலிருந்து தொடங்குபவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அது உங்க திறமைக் குறைவு இல்லை, சங்கிலியின் நீளம். மூன்று வருடம் என்று முதலிலேயே திட்டமிட்டால் அது தோல்வியாகத் தெரியாது.

இன்னொன்று: டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தை இரண்டாம் வருட ஃபாலிலேயே, நவம்பர் கடைசி வாக்கில் அனுப்பிவிடணும். அப்போது உங்க கையில் இருப்பது முதல் வருட மார்க்கும் சம்மர் மார்க்கும் மட்டும்தான். "முதல் வருடம் பழகிக்கலாம், இரண்டாம் வருடம் பார்த்துக்கலாம்" என்பது இந்த வழியில் செல்லாது.

'கியாரண்டி' என்றால் என்ன?

டேக் என்ற உறுதி ஒப்பந்தம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு கேம்பஸ்களில் மட்டும்தான் அது உண்டு. அவற்றில் ஒன்றுக்கு மட்டும், செப்டம்பரில் விண்ணப்பிக்கலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ அதில் கிடையாது. ஆறிலும் எல்லா எஞ்சினியரிங் மேஜருக்கும் கிடையாது. அந்தந்த வருடப் பட்டியலைப் பார்க்காமல் வீட்டில் "கியாரண்டி"ன்னு வாக்குக் கொடுத்துடாதீங்க.

நேராகப் போவதில் என்ன லாபம்?

நான்கு வருட நண்பர்கள், முதல் வருடத்திலிருந்தே லேப், கிளப், மூன்று சம்மர் இன்டர்ன்ஷிப் வாய்ப்பு. டிரான்ஸ்ஃபர் ஆகிப் போனவருக்குக் கேம்பஸில் கால் வைத்த மாதமே கம்பெனிகள் ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். பட்டம் வாங்குவதற்கு முன் அங்கே கிடைப்பது ஒரே ஒரு சம்மர். போதாததற்கு வேகமும் மாறும். பெர்க்லியும் மெர்சிடும் தவிர மற்ற யூசிகளில் குவார்ட்டர் முறை, பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். எனக்கு முதல் மிட்டேர்ம் வந்தபோது இன்னும் புத்தகமே வாங்கவில்லை!

நேர் வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. "ஏதாவது ஒரு மேஜரில் உள்ளே போயிட்டா அப்புறம் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறிக்கலாம்" என்ற யோசனை. பல கேம்பஸ்களில் அந்தக் கதவு ரொம்பக் குறுகல். கேட்ட மேஜர் கிடைத்து, செலவும் தாங்கும் என்றால் யோசிக்காமல் நேராகப் போங்க. கேட்காத மேஜர் என்றால், மாறும் விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுங்க.

ஒரு தாள் கணக்கு

1. அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் உங்க காலேஜ், போக விரும்பும் கேம்பஸ், மேஜர் மூன்றையும் கொடுங்க. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று வரும். மூன்று கேம்பஸுக்காவது எடுங்க. பட்டியல் ஒன்றுபோல இருக்காது.

2. தாளில் நான்கு கட்டம் போட்டு, கணக்கையும் பிசிக்ஸையும் முதலில் நிரப்புங்க. ஜி.இ. பாடங்கள் மிச்ச இடத்துக்கு.

3. ஒவ்வொரு பாடமும் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்று போன இரண்டு வருட அட்டவணையில் பாருங்க.

4. அந்தத் தாளோடு கவுன்சிலரைப் பாருங்க. வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

தாள் நிரம்பினால் டிரான்ஸ்ஃபர் உங்களுக்கு நல்ல வழி. எந்த மேஜர் என்றே தெரியாமல் கட்டங்கள் காலியாக நின்றால், செலவு தாங்கக்கூடிய நேர் அட்மிஷனை அவசரப்பட்டு விட்டுடாதீங்க.

கடைசியாக, வீட்டில் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் படித்த அப்பா அம்மாவுக்கு "லேட்டரல் என்ட்ரி" நன்றாகவே தெரியும். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேருவாங்களே, அது. இங்கே சேருவது மூன்றாம் வருடத்தில், அவ்வளவுதான். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுத்தான் பெர்க்லி போனார். அதையும் சொல்லுங்க.

ஆனால் என் அம்மாவைச் சமாதானப்படுத்தியது வோஸ்னியாக் இல்லை. அந்த மூன்றாவது வருடம், சாப்பாட்டு மேசையில் நான் விரித்து வைத்த தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தாங்க. "இதை முதல்லயே காட்டியிருக்கலாமேடா" என்றாங்க.

நீங்க முதல்லயே காட்டிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!